கிறிஸ்துமஸ் நாட்களில் நட்சத்திர ஹோட்டலில் தங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவில் கிறிஸ்துமஸ் கோடையின் உச்சத்தில் வருகிறது. டிசம்பர் நடுவில் பள்ளிகள் மூடிவிடும். கட்டுமானத் தொழிலும் பல தொழிற்சாலைகளும் புத்தாண்டு கழியும்வரை ஓய்ந்துவிடும். 16ஆம் தேதி நல்லிணக்க நாள், 25ஆம் தேதி கிறிஸ்துமஸ், 26ஆம் தேதி நல்லெண்ண நாள், அடுத்து ஜனவரி முதல் நாள் என்று பொது விடுமுறைகள் வரிசையாக வர, நாட்டில் பாதிப்பேர் ஒரே நேரத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள். டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பகுதிகளில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களும் ஆண்டெல்லாம் சேர்த்த பணத்தில் சில இரவுகளை ஐந்து நட்சத்திர ஹோட்டலில் கழிக்க விரும்புவது இப்போது பரவலாகிவிட்டது. அப்படிச் சென்றவர்களில் மனக்குறையோடு திரும்புவோர் குறைவல்லர். பெரும்பாலும் ஹோட்டல் மோசமாக இருப்பது அதற்குக் காரணமன்று. மற்ற மாதங்களில் இயல்பாகக் கிடைக்கும் பல வசதிகளுக்கு இந்த இரண்டு, மூன்று வாரங்களில் தனி விலையும் தனி விதியும் வந்துவிடுகின்றன; அவற்றை முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிவைக்காமல் போவதே காரணம்.

முதல் தவறு ஊரைத் தேர்ந்தெடுப்பதிலேயே நிகழ்கிறது. கேப் டவுனிலும் டர்பன் கடற்கரையிலும் வாடகை ஆண்டின் உச்சத்தைத் தொடும் அதே நாட்களில், ஜோகன்னஸ்பர்க்கின் சாண்ட்டன் பகுதியில் உள்ள பெரிய ஹோட்டல்கள் பலவற்றில் அறைகள் காலியாகக் கிடக்கின்றன. அவை வணிகப் பயணிகளை நம்பி நடப்பவை; அலுவலகங்கள் மூடியதும் விருந்தினர் வரத்து குறைந்து வாடகையும் இறங்கும். நல்ல அறை, நீச்சல் குளம், அமைதி ஆகியவை மட்டும் போதும் என்போருக்கு அதைவிட நல்ல வாய்ப்பு இல்லை என்பது என் கருத்து. ஆனால் அங்குள்ள உணவகங்களில் பலவும் அதே வாரங்களில் மூடியிருக்கும் என்பதையும், பிற்பகல்களில் இடிமழை வழக்கம் என்பதையும் தெரிந்துகொண்டு செல்ல வேண்டும். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குக் காரில் வரும் உறவினர்கள், டிசம்பர் நடுப்பகுதியின் வெள்ளிக்கிழமை மாலையில் என்3 நெடுஞ்சாலையில் இறங்கினால் வான் ரீனன் கணவாயிலும் மூய் ரிவர் சுங்கச்சாவடியிலும் மணிக்கணக்கில் நிற்க நேரலாம். அன்றிரவு வாடகையில் பாதி சாலையிலேயே கழிந்துவிடும்.

விலையைப் பார்க்கும்போது ஓர் இரவின் வாடகையை மட்டும் பார்ப்பது அடுத்த தவறு. இங்கே காட்டப்படும் விலையில் 15 சதவிகித மதிப்புக் கூட்டு வரி அடங்கியிருக்க வேண்டும். அதற்கு மேல் 1 சதவிகிதச் சுற்றுலாக் கட்டணத்தைப் பல ஹோட்டல்கள் தனியாகச் சேர்க்கின்றன. பண்டிகை நாட்களில் குறைந்தது இத்தனை இரவுகள் தங்கியே ஆக வேண்டும் என்று பல ஹோட்டல்கள் நிபந்தனை விதிக்கும். காலை உணவு வாடகையில் சேர்ந்திருந்தாலும், கிறிஸ்துமஸ் முன்னிரவு விருந்தும் மறுநாள் மதிய விருந்தும் பெரும்பாலும் அதில் சேராது. அவற்றுக்குத் தனியாக முன்பதிவு செய்து, பல இடங்களில் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்ட வேண்டும். 25ஆம் தேதி நண்பகலில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு உணவறை வாசலில் நிற்கும்போதுதான் இது தெரியவந்தால், வெளியிலும் அன்று கடைகளும் பெரும்பாலான உணவகங்களும் மூடியிருக்கும். கார் நிறுத்தக் கட்டணம், கூடுதல் கட்டில், எத்தனை வயதுவரை குழந்தைக்குக் கட்டணம் இல்லை என்பவற்றையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுவது நல்லது. தொலைபேசியில் சொன்னது டிசம்பரில் யாருக்கும் நினைவிருப்பதில்லை.

‘ரத்து செய்தால் பணம் திரும்பாது’ என்ற வரியைப் படித்துவிட்டு, அதுவே முடிந்த முடிவு என்று நம்புவோர் மிகப் பலர். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, முன்பதிவை ரத்து செய்யும் உரிமையை நுகர்வோருக்குத் தருகிறது. ஹோட்டல் நியாயமான ரத்துக் கட்டணம் வாங்கலாம்; எது நியாயம் என்பதை, எவ்வளவு முன்னதாக அறிவித்தீர்கள், அந்த அறையை வேறொருவருக்குக் கொடுக்க எவ்வளவு வாய்ப்பு இருந்தது, அந்தத் தொழிலின் பொது வழக்கம் என்ன என்பவற்றைக் கொண்டு பார்க்க வேண்டும். யாருக்காக முன்பதிவு செய்யப்பட்டதோ அவர் இறந்துவிட்டாலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாலோ ரத்துக் கட்டணமே வாங்கக் கூடாது. ஆகவே பயணம் நடக்காது என்று தெரிந்த அன்றே எழுதிவிட வேண்டும். நவம்பரில் விட்டுக்கொடுத்த கிறிஸ்துமஸ் அறையைக் காத்திருப்போர் பட்டியலில் உள்ளவர்களுக்கு எளிதாகக் கொடுத்துவிடலாம் என்பதால், உங்கள் பக்கம் வலுவாக இருக்கும். 23ஆம் தேதி இரவில் எழுதினால் அந்த வலு இருக்காது. பெரியவர்களை அழைத்துச் செல்லும் குடும்பங்கள் இந்தப் பிரிவைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். உடல்நிலை காரணமாகப் பயணத்தைக் கைவிட்டுப் பணத்தையும் இழந்தவர்களில், மருத்துவமனைச் சான்றை இணைத்து ஒரு கடிதம் எழுதிப் பார்த்தவர்கள் மிகச் சிலரே.

அதே சட்டத்தின் 47ஆம் பிரிவு, இருக்கும் அறைகளைவிட அதிகமான முன்பதிவுகளை ஏற்றுக்கொண்டு, வந்து நிற்பவரிடம் இடமில்லை என்று சொல்வதைப் பற்றியது. அப்படி நேர்ந்தால் கட்டிய பணத்தை வட்டியோடு திருப்பித் தருவதுடன், அதனால் நேரடியாக ஏற்பட்ட செலவையும் ஹோட்டல் ஈடுசெய்ய வேண்டும்; இணையான வேறு இடம் ஏற்பாடு செய்து நீங்கள் அதை ஏற்றுக்கொண்டாலோ, தக்க காரணமின்றி மறுத்தாலோ நிலைமை மாறும். இரவு பத்து மணிக்குக் களைப்போடு நிற்கும்போது, முதலில் காட்டப்படும் அறைக்குத் தலையாட்டிவிடத் தோன்றும். அது இணையானதுதானா என்று பார்த்து, இல்லையென்றால் அதை எழுத்தில் பதிவுசெய்த பிறகே சாவியை வாங்க வேண்டும்.

வரவேற்பு மேசையில் இன்னொன்று நடக்கும். அறை வாடகை முழுவதையும் கட்டியிருந்தாலும், உணவு, பானம், சலவை போன்ற செலவுகளுக்காக உங்கள் வங்கி அட்டையில் ஒரு தொகையைப் பிடித்துவைப்பார்கள். கிரெடிட் கார்டு என்றால் வரம்பு மட்டும் குறையும். டெபிட் கார்டு என்றால் கையிலுள்ள பணமே முடங்கும். அறையைக் காலிசெய்த பிறகும் அது விடுபடச் சில நாட்கள் ஆகும். இடையில் வங்கி விடுமுறைகள் வந்தால் இன்னும் இழுக்கும். விடுமுறைச் செலவுக்கென வைத்திருந்த ஒரே கணக்கின் டெபிட் கார்டை நீட்டிவிட்டுப் பிறகு தவிப்பதைத் தவிர்க்க, எவ்வளவு பிடிப்பார்கள் என்று முன்னதாகவே கேட்டு அதற்கென ஓர் அட்டையை ஒதுக்கிவைக்க வேண்டும். அறையின் சிறு குளிர்பெட்டியையும் கவனிக்க வேண்டும்: சில ஹோட்டல்களில் உள்ளிருக்கும் புட்டியை நகர்த்தினாலே கணக்கில் ஏறும்படி உணரிகள் பொருத்தியிருக்கிறார்கள். இன்சுலின் வைக்க இடம் வேண்டுமென்றால், அதைக் காலி செய்துதரும்படி அறைக்குள் போவதற்கு முன்பே சொல்லிவிடலாம், மறுப்பதில்லை.

நம் மக்களை அதிகம் பாதிப்பது உணவு. நம் வீடுகளில் பலர் மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் தொடமாட்டார்கள். மார்கழி நோன்பில் முற்றிலும் சைவமாக இருப்போரும் உண்டு. இங்குள்ள கிறிஸ்துமஸ் மதிய விருந்தோ ஆங்கிலேய மரபில் அமைந்தது. நடுமேசையில் வான்கோழியும், கேமன் எனப்படும் பதப்படுத்திய பன்றித்தொடையும் இருப்பது எல்லார்க்கும் கண்ணில் படும், அவற்றை ஒதுக்கிவிடலாம். கண்ணில் படாதவையே சிக்கல். பொன்னிறமாக மின்னும் வறுத்த உருளைக்கிழங்கின் முன் ‘உருளைக்கிழங்கு’ என்று மட்டும் எழுதியிருக்கும். அது வாத்துக் கொழுப்பிலோ மாட்டுக் கொழுப்பிலோ வறுக்கப்பட்டிருக்கலாம். யார்க்‌ஷயர் புட்டிங் என்ற உப்பலான பணியாரத்தை, மாட்டிறைச்சியிலிருந்து வடிந்த கொழுப்பை ஊற்றிச் சுடுவது மரபு. பழுப்பு நிறக் குழம்பு இறைச்சிச் சாற்றால் ஆனது. இனிப்புப் பக்கம் போய்விட்டால் கவலையில்லை என்றும் இருந்துவிட முடியாது: கிறிஸ்துமஸ் புட்டிங்கிலும், உலர்பழம் நிறைத்த மின்ஸ் பையிலும் சூயட் என்ற மாட்டுக் கொழுப்பைச் சேர்ப்பது பழைய வழக்கம். தாவரக் கொழுப்பில் செய்யும் சமையற்காரர்களும் உண்டு, கேட்டால்தான் தெரியும். கேக், கஸ்டர்டு, ஜெல்லி அடுக்கிய டிரைஃபிள் என்ற இனிப்பின் ஜெல்லியில் பெரும்பாலும் விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும். ஆப்ரிகாட் பழ ஜாம் சேர்த்துச் செய்யும் நம் ஊர் மால்வா புட்டிங்கில் பாலும் முட்டையும் உண்டு, இறைச்சி இல்லை. முட்டை சாப்பிடுவோர் அதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

‘ஹலால் என்று போட்டிருக்கிறார்கள், அது போதும்’ என்று சிலர் நினைக்கிறார்கள். பன்றியிறைச்சி இல்லை என்பதற்கு அது உறுதி தரும்; மாட்டிறைச்சியைப் பற்றி எதுவும் சொல்லாது. ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொன்னால் மீன் உண்போர் என்றும் முட்டை உண்போர் என்றும் சமையலறை எடுத்துக்கொள்ள இடமுண்டு. ஆகவே எதையெல்லாம் சாப்பிடமாட்டீர்கள் என்பதைப் பெயர் சொல்லி, கொழுப்பு, சாறு, ஜெலட்டின் உட்பட, ஒரு வாரத்துக்கு முன்பாவது எழுதி அனுப்ப வேண்டும். பெரிய ஹோட்டல்களின் தலைமைச் சமையற்காரர்கள் இதற்கு மனமுவந்து தனித் தட்டு ஒன்றை ஏற்பாடு செய்கிறார்கள். விருந்து நாளின் நெரிசலில், பரிமாறும் இளைஞரிடம் கேட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

அறையைத் தேர்ந்தெடுக்கும்போது கடல் தெரிந்தால் போதும் என்றே பலர் பார்க்கிறார்கள். டர்பனில் கடலைப் பார்த்த அறைகள் கிழக்கு நோக்கியவை. டிசம்பர் கடைசியில் காலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் எழுந்துவிடும். திரைச்சீலை வெளிச்சத்தை முழுதும் மறைக்குமா என்று கேளாமல் போனால் குழந்தைகளோடு நீங்களும் அந்நேரம் எழ வேண்டியதுதான். முதியவர்களின் அறை விஷயம் இதைவிட முக்கியமானது. ‘அறை வசதியா இருக்கா ஆயா?’ என்றால், ‘எல்லாம் நல்லாத்தான் இருக்கு கண்ணு’ என்பார்கள். குளியல் தொட்டியின் உயரமான விளிம்பைத் தாண்டப் பயந்து முகம் மட்டும் கழுவிக்கொண்டிருப்பார்கள். அந்தத் தலைமுறை இத்தகைய இடங்களில் எதையும் கேட்டுப் பழகாதது. பொது இடங்களை இனவாரியாகப் பிரித்துவைத்த 1953ஆம் ஆண்டின் தனி வசதிகள் சட்டம் 1990இல்தான் நீக்கப்பட்டது. இனப்பிரிவினைக் காலத்தில் இந்தக் கடற்கரை ஹோட்டல்களின் உணவறைகளில் பரிமாறியவர்களில் நம்மவர்கள் நிறையப்பேர் இருந்தார்கள். 1970களில் எல்லா இனத்தவரையும் ஏற்க ‘சர்வதேச’ அனுமதி பெற்ற ஒரு சில ஹோட்டல்களைத் தவிர, மற்றவற்றில் விருந்தினராக உட்கார அவர்களுக்கு நீண்ட காலம் உரிமை இல்லை. அப்படி வாழ்ந்தவரை இன்று அதே கடற்கரைக்கு அழைத்துச் செல்லும்போது, தரைமட்டத்தில் குளிக்குமிடம், மின்தூக்கிக்கு அருகில் அறை, பிள்ளைகளின் அறையோடு இணையும் கதவு ஆகியவற்றை அவருக்காக நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

ஊரின் நாட்காட்டியைப் பாராமல் திட்டம் போடுவதும் ஒரு தவறு. டர்பனில் 26ஆம் தேதியும் ஜனவரி முதல் நாளும் கடற்கரையில் மக்கள் வெள்ளமாகக் கூடுவார்கள்; கடற்கரைச் சாலைகளில் போக்குவரத்துக் கட்டுப்பாடு இருக்கும் என்பதால் அன்று காரில் போய் இறங்குவதையோ புறப்படுவதையோ தவிர்ப்பது நல்லது. கேப் டவுனில் ஜனவரி 2ஆம் தேதி வழக்கமாக நடக்கும், வண்ண உடையணிந்த பாட்டுக் குழுக்களின் மின்ஸ்ட்ரல் ஊர்வலத்துக்காக நகர மையத்தில் தெருக்களை அடைப்பார்கள். விமானத்தைப் பிடிக்க வேண்டியவர்கள் எந்த வழி திறந்திருக்கும் என்று ஹோட்டலில் கேட்டுக்கொள்ள வேண்டும். 1929 முதல் இயங்கும் டேபிள் மவுண்டன் கம்பிவட வண்டி, தென்கிழக்குக் காற்று வலுத்தால் நின்றுவிடும். அந்தக் காற்று வீசும் பருவம் இதுவே. ஆகவே மலையைக் கடைசி நாளுக்கு ஒத்திப்போடாமல், வானம் தெளிந்த முதல் நாளிலேயே ஏறிவிட வேண்டும். 1899இல் திறக்கப்பட்ட இளஞ்சிவப்பு நிற மவுண்ட் நெல்சன் ஹோட்டலில் தங்காவிட்டாலும் அங்கே பிற்பகல் தேநீராவது அருந்த வேண்டும் என்று பலர் ஆசைப்படுகிறார்கள். டிசம்பரில் அதற்கும் முன்பதிவு இல்லாமல் போய் நிற்பது வீண்.

பணம் கட்டும் வழியிலும் எச்சரிக்கை வேண்டும். முன்பதிவு செய்த பிறகு, ‘உங்கள் அட்டை சரிபார்க்கப்படவில்லை, இந்த இணைப்பில் மீண்டும் விவரம் தாருங்கள்’ என்று வரும் செய்தி மோசடியாக இருக்கலாம். இணைப்பைத் தொடாமல், ஹோட்டலின் சொந்த எண்ணை நீங்களே தேடி அழைத்துக் கேட்க வேண்டும்.

கடைசிக் காலையில், அறையைக் காலிசெய்ய வேண்டிய நேரத்துக்கு வரவேற்பு மேசையில் நீண்ட வரிசை நிற்கும். அந்த அவசரத்தில் யாரும் பில்லைப் படிப்பதில்லை. முந்தின இரவே பில்லின் நகல் ஒன்றை அறைக்கு அனுப்பச் சொல்லி, எடுக்காத குளிர்பானமும் உண்ணாத உணவும் ஏறியிருக்கிறதா என்று வரிவரியாகப் பார்க்க வேண்டும். உணவகத்தில் 10 முதல் 15 சதவிகிதம் வரை அன்பளிப்புத் தருவது இங்குள்ள வழக்கம். பெரிய குழுவாகச் சாப்பிட்டிருந்தால் அதைப் பில்லிலேயே சேர்த்திருக்கக்கூடும் என்பதால் இருமுறை கொடுத்துவிடாமல் கவனிக்கலாம். அறையைச் சுத்தம் செய்தவருக்கும் பெட்டி தூக்கியவருக்கும் தர வேண்டியதைத் தனியே உறையிலிட்டு அவரவர் கையிலேயே கொடுப்பது சிறந்தது. பண்டிகை நாளில் தம் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு வந்தவர்கள் அவர்கள்.