ஆம்னி வேனில் கியர் ஆயில் ஒழுக்கு: சீலில் கை வைப்பதற்கு முன்னும் பின்னும்

காங்கேயம், பல்லடம் பக்கத்துச் செம்மண் தடங்களில் பால்கேனும் பனியன் மூட்டையும் ஏற்றிக்கொண்டு ஓடும் ஆம்னிகள் இன்னும் ஏராளம். 1984-இல் வந்து 2019-இல் உற்பத்தி நின்ற வண்டி. கடைசியாக இறங்கியதற்கும் இப்போது வயதாகிவிட்டது. எஞ்சினில் ஆயில் அழுத்தம் விழுந்தால் மீட்டரில் சிவப்பு விளக்கு எரியும். கியர் பெட்டிக்கு அப்படி ஒரு விளக்கு கிடையாது. சொட்டுச் சொட்டாக ஆறு மாதம் ஒழுகி, ஒருநாள் ஊளைச் சத்தம் கேட்கும்போது பேரிங் போயிருக்கும். சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை அப்போது பெட்டியையே பிரிக்கும் வேலை ஆகிவிடும்.

எங்கே ஒழுகுகிறது என்று உறுதியாகத் தெரியாமல் சீல் (ஷாஃப்டைச் சுற்றி எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) வாங்கப் போகாதீர்கள். பெட்டி முழுக்க மண்ணும் எண்ணெயும் அப்பிக் கிடக்கும்போது எல்லா இடமும் ஒழுகுகிற மாதிரிதான் தெரியும். டீசலும் பிரஷும் கொண்டு பெட்டியையும் அதற்கு மேலே உள்ள தரைத் தகட்டையும் சுத்தமாகக் கழுவி, துடைத்து, பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, ராத்திரி அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். காலையில் சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே, டார்ச் அடித்துப் பாருங்கள்.

கருப்பாக, நீர்த்தாற்போல் இருந்தால் எஞ்சின் ஆயில். தேன் நிறத்திலோ பழுப்பாகவோ கனத்து, கந்தக நாற்றம் அடித்தால் கியர் ஆயில். எஞ்சினும் கியர் பெட்டியும் சேரும் இடத்தில் கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் அடியில் சொட்டும்போது இந்த வித்தியாசம்தான் முக்கியம்: கறுப்பு என்றால் எஞ்சினின் பின் சீல், பழுப்பு என்றால் கியர் பெட்டியின் முன் சீல். எதுவானாலும் பெட்டியை இறக்கியாக வேண்டும்.

பின்பக்கம், பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் நுழையும் இடத்தில் ஒழுகுவதுதான் அதிகம். ஓடும்போது ஷாஃப்ட் சுழன்று எண்ணெயை வீசுவதால் தரைத் தகட்டின் அடியில் குறுக்கே ஒரு கோடாகத் தெறித்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு மேலேயிருந்து ஒழுகுகிறது என்று நினைப்பவர்கள் பலர். இது தவிர ஸ்பீடோமீட்டர் கேபிள் சொருகும் இடத்து ஓ-ரிங், ரிவர்ஸ் லைட் சுவிட்சின் வாசர், கியர் மாற்றும் ராடு பெட்டிக்குள் நுழையும் இடம், டிரெயின் பிளக் எல்லாவற்றையும் விரலால் தடவிப் பாருங்கள். இவை அரை மணி நேர வேலைகள்.

எப்போது ஒழுகுகிறது என்பதும் ஒரு துப்பு. சமதளத்தில் காய்ந்து கிடந்து, பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறி முடித்ததும் சொட்டினால் பின் சீல் தேய்ந்திருக்கிறது. மூக்கு மேலே தூக்கி ஏறும்போது பெட்டியில் உள்ள எண்ணெய் எல்லாம் பின்னால் சாய்ந்து அந்தச் சீலில்தான் நிற்கும். சமதளமானாலும் மலையானாலும் பெட்டி நன்றாகச் சூடேறிய பிறகே, அதுவும் இரண்டு மூன்று இடத்தில் ஒரே சமயம் கசிந்தால், முதலில் பிரீதரைப் பாருங்கள். பெட்டியின் தலையில் இருக்கும் சின்னக் காற்றுவழி அது. சேறும் எண்ணெயும் சேர்ந்து அடைத்துக்கொண்டால், சூட்டில் விரியும் காற்று வெளியேற வழியில்லாமல் சீலின் உள்விளிம்பான உதடு வழியே எண்ணெயைத் தள்ளும். வாய்க்கால் ஓரத் தடங்களில் ஓடும் வண்டிகளில் இது சகஜம். டீசல் விட்டுக் கழுவி, ஊதினால் காற்று போகிறதா என்று பார்த்தால் போதும். பிரீதர் அடைத்திருக்க எத்தனை புதுச் சீல் போட்டாலும் மாதக்கணக்கில்கூட நிற்காது.

அடுத்து புஷ், அதாவது ஷாஃப்ட் முனையை உள்ளே தாங்கிப் பிடிக்கும் உலோக வளையம். சீலைக் கழற்றும் முன், வண்டி நிற்கும்போதே ஷாஃப்டின் முன்முனையைப் பெட்டிக்கு அருகில் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். லேசான அசைவு இருக்கலாம். கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு ‘டக்டக்’ என்று ஆடினால் உள்ளே இருக்கும் புஷ் தேய்ந்துவிட்டது. ஷாஃப்ட் நடு தவறிச் சுழலும்போது சீல் உதடு ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் வாய் பிளக்கும். அதே சமயம் ஷாஃப்ட் மூட்டில் இருக்கும் சிலுவை வடிவ கிராஸையும் பாருங்கள். கப்பைச் சுற்றித் துருப்பொடி தெரிந்தால் அது காய்ந்துவிட்டது. அந்த அதிர்வே அடுத்த சீலையும் தின்றுவிடும்.

இனி வேலைக்கு வருவோம். கேஸ் கிட் உள்ள வண்டி என்றால் சிலிண்டர் வால்வை மூடி, லைனில் மிச்சமிருக்கும் கேஸ் தீர்ந்து எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். சைலன்சர் ஆறட்டும். முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். இதில் அசட்டை கூடாது: ஆம்னியின் ஹேண்ட்பிரேக் பின் சக்கரத்தில்தான் பிடிக்கும், அதை நாம் தூக்கப் போகிறோம், ஷாஃப்டைக் கழற்றிய பிறகு கியரும் வண்டியைப் பிடிக்காது. பின்பக்கத்தைத் தூக்கி, ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். பின்பக்கம் உயர்ந்திருப்பதில் இன்னொரு லாபம், எண்ணெய் முன்னால் சாய்வதால் ஷாஃப்டை உருவும்போது அதிகம் கொட்டாது. எண்ணெயையே மாற்றுவதாக இருந்தால் முதலிலேயே வடித்துவிடலாம். அப்படி வடிப்பதற்கு முன் மேலே உள்ள ஃபில்லர் பிளக் கழல்கிறதா என்று பாருங்கள். வடித்த பிறகு அது துருப்பிடித்து வர மறுத்தால் வண்டி அங்கேயே நிற்கும்.

டிஃபரன்ஷியல் (பின் ஆக்சில் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டி) பக்கத்து ஃபிளாஞ்சிலும் ஷாஃப்டிலும் சேர்த்து பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு, நான்கு போல்ட்டுகளையும் ரிங் ஸ்பேனரில் கழற்றுங்கள். கோடு மாறிப் பூட்டினால் அதிர்வு வரலாம். ஷாஃப்டைத் தாங்கிப் பிடித்து நேராகப் பின்னால் உருவுங்கள். பழைய சீல் எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று அளந்துகொண்டு, சீல் புல்லரால் நெம்பி எடுங்கள். அலுமினிய கேஸில் கீறல் விழுந்தால் அதன் வழியே எண்ணெய் வரும். ஸ்குரூ டிரைவர் போடுவதானால் முனையில் துணி சுற்றிப் போடுங்கள். புதுச் சீலை பழையதன் மேல் அச்சடித்த எண்ணைக் காட்டி வாங்குங்கள். 30-45-8 என்று இருந்தால் ஷாஃப்ட் விட்டம் 30, வெளி விட்டம் 45, கனம் 8 மில்லிமீட்டர் என்று அர்த்தம்.

உருவிய ஷாஃப்டின் வழவழப்பான முனையில் நகத்தை நீளவாக்கில் ஓட்டிப் பாருங்கள். சீல் உரசிய இடத்தில் நகம் தட்டினால் பள்ளம் விழுந்திருக்கிறது. லேசான துருவும் கோடும் 600 நம்பர் எமரியில் போய்விடும். ஆனால் சுற்றுவாக்கில் மட்டும் தேய்க்க வேண்டும். நீளவாக்கில் விழும் கீறல் எண்ணெய்க்கு வாய்க்கால் வெட்டிக் கொடுத்த மாதிரி. பள்ளம் ஆழமாக இருந்தால் அந்த முனையை மாற்றுவதே நல்லது. உடனே கிடைக்காவிட்டால், சீலைப் பழைய ஆழத்திலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்காரவைத்தால் உதடு பள்ளத்தைத் தவிர்த்து நல்ல இடத்தில் உரசும். புஷ் போயிருந்தால் கோயம்புத்தூரில் கணபதி, குறிச்சிப் பக்கம் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. பின் கேஸைக் கழற்றிக் கொடுத்தால் புதுப் புஷ் அழுத்தி, ஷாஃப்ட் அளவுக்குச் சரிபண்ணித் தருவார்கள். புஷ்ஷில் உள்ள எண்ணெய்த் துளை பழையது இருந்த திசையிலேயே வர வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள்.

சீல் உட்காரும் இடத்தைப் பெட்ரோல் துணியால் துடைத்து, ஸ்பிரிங் உள்ள பக்கம் எண்ணெயைப் பார்க்க வைத்து, உதட்டில் கிரீஸ் தடவுங்கள். காய்ந்த உதடு முதல் சில நிமிட ஓட்டத்திலேயே கருகும். சீலின் வெளி விட்டத்துக்குப் பொருந்தும் பாக்ஸ் ஸ்பேனரையோ பிவிசி பைப் துண்டையோ வைத்து, சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்குங்கள். நேரடியாகச் சுத்தியால் ஓரத்தில் அடித்தால் தகடு கோணிக்கொள்ளும், அந்தச் சீல் அப்போதே வீண். ஷாஃப்டைச் சுத்தமாகத் துடைத்து, முனையில் கியர் ஆயில் தடவி, நேராக நுழைத்து, பெயின்ட் கோடு பார்த்துப் பூட்டுங்கள். ஸ்பிரிங் வாசர் புதிது போடுங்கள்.

வடித்த எண்ணெயை வீசும் முன் டிரெயின் பிளக்கில் ஒட்டியிருப்பதையும் எண்ணெயையும் பாருங்கள். சாம்பல் நிறச் சகதி வழக்கமான தேய்மானம். இரும்புச் சில்லு என்றால் பல் உடைந்திருக்கிறது. பித்தளை நிறத்தில் மினுங்கினால், கியர் சத்தமில்லாமல் விழ உதவும் சிங்க்ரோ ரிங் தேய்கிறது.

கியர் பெட்டிக்கு ஜிஎல்-4 ரகத்தில் 80டபிள்யூ-90 ஆயில். டிஃபரன்ஷியலுக்கு உரிய ஜிஎல்-5 ஆயிலை இதிலும் ஊற்றிவிடுவது நிறைய இடங்களில் நடக்கிறது. அதில் கூடுதலாக இருக்கும் கந்தகச் சேர்மானம் சிங்க்ரோ ரிங்கின் மஞ்சள் உலோகத்தை அரிக்கக்கூடும். கனத்த 140 ஆயில் ஊற்றினால் ஒழுக்கு நிற்கும் என்பதும் தவறு. வால்பாறைக் குளிரில் காலையில் கியர் விழாது, ஒழுக்கும் தொடரும். வெளியே எம்-சீல் அப்புவது இதைவிட மோசம், அடுத்தமுறை கழற்றுகிறவருக்குத் தண்டனை.

ஸ்டாண்டை எடுத்து வண்டியைச் சமதளத்தில் நிறுத்திய பிறகுதான் ஊற்ற வேண்டும். பின்பக்கம் தூக்கியபடியே ஊற்றினால் அளவு தப்பும். ஃபில்லர் துளையின் கீழ் விளிம்பு வரை, மெல்ல வழியத் தொடங்கும்வரை. ஒன்றரை லிட்டர் வாங்கி வைத்தால் போதும். பிளக்குகளுக்குப் புது வாசர் போட்டு, நீளமான பைப் மாட்டாமல் கை பலத்தில் இறுக்குங்கள்; அலுமினியத்தில் மரை ஒருமுறை போனால் அதுவே அடுத்த ஒழுக்கு. பழைய எண்ணெயைக் கேனில் பிடித்துப் பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுங்கள், கிணற்றுப் பக்கமோ வாய்க்கால் பக்கமோ போகக் கூடாது.

முன் சீல் என்றால் வேலையின் அளவே வேறு. எஞ்சின் பின்பக்கத்துக்கு ஜாக்கியும் மரக்கட்டையும் முட்டுக் கொடுத்து, பெட்டியை இறக்க வேண்டும். வீட்டு வாசலில் தனி ஆளாக முயலாதீர்கள். இறக்கியது இறக்கியாகிவிட்டது என்பதால் எஞ்சின் பின் சீல், கிளட்ச் ரிலீஸ் பேரிங் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். எண்ணெய் குடித்த கிளட்ச் பிளேட்டைப் பெட்ரோலில் கழுவிப் போடச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சூடேறினால் உள்ளே ஊறியது திரும்ப வெளிவந்து வழுக்கும்.

வேலை முடிந்து ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ராத்திரி அட்டை விரியுங்கள். முதல்நாள் ஒன்றிரண்டு சொட்டு தரைத் தகட்டில் மிச்சமிருந்த பழைய எண்ணெயாக இருக்கலாம். துடைத்துவிட்டு மறுநாளும் பாருங்கள். அட்டை காய்ந்திருந்தால், அடுத்த மலைப் பயணம் முடிந்து வந்ததும் பெட்டி ஆறியபின் ஃபில்லர் பிளக்கைக் கழற்றி விரல்விட்டு அளவைச் சரிபாருங்கள்.