அமெரிக்காவில் படிக்கும் பிள்ளைகள் சட்டப்படி வேலை செய்வது எப்படி: ஓபிடி விண்ணப்பம், படிப்படியாக

சுங்கை சிப்புட்டிலிருந்து அமெரிக்காவுக்குக் கணினி அறிவியல் படிக்கச் சென்ற என் தங்கைக்கு, பட்டம் முடிந்த கையோடு ஓபிடி என்ற தற்காலிக வேலை அனுமதி வாங்கித் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. அனுமதி கிடைத்ததும், தோட்டத்திலும் டவுனிலும் பிள்ளைகளை அங்கே அனுப்பியிருக்கும் பெற்றோர் ஒருவர் பின் ஒருவராகக் கேட்டதால், முறையை இங்கே எழுதி வைக்கிறேன். எஃப்-1 என்ற மாணவர் விசாவும், பல்கலைக்கழகம் தரும் மாணவர் தகுதிச் சான்றான ஐ-20 படிவமும் ஏற்கெனவே கையில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: எந்த வழி என்று முடிவு செய்யுங்கள்

பல்கலைக்கழக வளாகத்துக்குள், அதாவது நூலகத்திலோ உணவகத்திலோ, பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். வெளியே உள்ள கடையில் ரொக்கச் சம்பளத்துக்கு வேலை செய்வதை ‘எல்லாரும் செய்கிறார்கள்’ என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். அது மாணவர் தகுதியையே பறித்துவிடும்.

படிக்கும்போதே பாடத்தின் அங்கமாகச் செய்யும் வெளி வேலைக்குச் சிபிடி என்ற அனுமதி வேண்டும். அந்த அனுமதியைப் பல்கலைக்கழகமே ஐ-20-இல் பதிவு செய்துவிடும். பொதுவாக இதற்கு அமெரிக்காவில் ஒரு முழுக் கல்வியாண்டு முடிந்திருக்க வேண்டும். இங்கே கோலாலம்பூரிலோ சுபாங்கிலோ அமெரிக்கப் பட்ட மாற்றுத் திட்டத்தில் இரண்டு ஆண்டு படித்துவிட்டுப் போகும் நம் பிள்ளைகளுக்கு, அந்த இரண்டு ஆண்டுகள் இந்தக் கணக்கில் சேரா என்பதைப் பலர் அங்கே போன பிறகே அறிகிறார்கள். முழுநேரச் சிபிடியை 12 மாதம் செய்தால் அதே பட்டத்துக்கான ஓபிடி போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பட்டத்துக்குப் பிந்திய 12 மாத அனுமதிதான் ஓபிடி. விண்ணப்பிக்கும்போது வேலை கிடைத்திருக்க வேண்டியதில்லை.

படி 2: பெயரைச் சரிபாருங்கள்

எங்களை அதிகம் அலைக்கழித்தது இதுதான். நம் மலேசியக் கடப்பிதழில் குடும்பப் பெயர், இடுபெயர் என்ற பிரிவே கிடையாது. ‘ஏ/எல்’ (மகன்), ‘ஏ/பி’ (மகள்) உட்பட முழுப் பெயரும் ஒரே வரியில் இருக்கும். அமெரிக்கப் படிவங்களோ இரண்டு கட்டங்களைக் கேட்கும். தங்கையின் ஐ-20-இல் ‘ஏபி’ அவள் பெயரோடு ஒட்டி ஒரே சொல்லாக நின்றது, விசாவில் அது இல்லவே இல்லை. கடப்பிதழ், விசா, ஐ-20 மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால், அடுத்த படிக்குப் போகும் முன்பே பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலரிடம் சொல்லித் திருத்தச் செய்யுங்கள். மீதமுள்ள பழைய பெயர் வடிவங்களை, வேலை அனுமதி விண்ணப்பமான ஐ-765 படிவத்தில் ‘பயன்படுத்திய பிற பெயர்கள்’ என்ற இடத்தில் எழுதுங்கள்.

படி 3: பரிந்துரை முன்னே, விண்ணப்பம் பின்னே

அந்த அலுவலர், வெளிநாட்டு மாணவர்களுக்கான அமெரிக்க அரசின் பதிவேடான செவிஸ் கணினியில் ஓபிடி பரிந்துரையைப் பதிந்து புதிய ஐ-20 தருவார். அது வந்த பிறகே ஐ-765-ஐ அனுப்ப வேண்டும். பரிந்துரை பதிவான 30 நாளுக்குள் அது அமெரிக்கக் குடிநுழைவுத் துறையான யுஎஸ்சிஐஎஸ்-ஐ அடைந்திருக்க வேண்டும். படிப்பு முடியும் நாளுக்கு 90 நாள் முன்பிலிருந்து 60 நாள் பின்பு வரை விண்ணப்பிக்கலாம் என்றாலும், இந்த 30 நாள் கெடு தனியாக ஓடும். பழைய ஐ-20-ஐ ஏற்றாதீர்கள். புதியதில் மாணவர் கையெழுத்திட மறக்கக் கூடாது. ஐ-765-இல் எழுத வேண்டிய பிரிவு எண் (சி)(3)(பி).

தாளில் அனுப்பவும் வழி உண்டு. நான் இணையவழியையே சொல்வேன், ஏனெனில் கட்டணம் செலுத்திய உடனே பெற்றுக்கொண்ட ரசீது கிடைத்துவிடும். மாணவர் அமெரிக்காவில் இருந்தபடியே விண்ணப்பிக்க வேண்டும், ஆகவே தங்கை அங்கே நிரப்ப, நான் இங்கே காணொளி அழைப்பில் ஒவ்வொரு பக்கத்தையும் வாசித்துச் சரிபார்த்தேன். ஏஜென்டுக்குக் கொடுக்கும் காசு வீண் என்பது என் கருத்து.

படி 4: நாள்களை எண்ணுங்கள்

வேலை அனுமதி அட்டை கைக்கு வந்து, அதில் அச்சிட்ட தொடக்க நாளும் வந்த பிறகே வேலைக்குப் போகலாம். அந்த நாளிலிருந்து மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையின்றி இருக்கக் கூடாது. சனி, ஞாயிறும் கணக்கில் சேரும். தொடக்க நாளைப் படிப்பு முடிந்த 60 நாளுக்குள் நாமே தேர்ந்தெடுப்பதால், வேலை உறுதியாகாதவர்கள் சற்றுத் தள்ளி வைப்பது நல்லது. நாள்களை எண்ணச் செயலி எதுவும் தேவையில்லை, ஒரு எக்செல் தாள் போதும்.

அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதப் பட்டதாரிகள் மேலும் 24 மாதம் நீட்டிக்கலாம். முதலாளி, ஊழியரின் வேலைத் தகுதியைச் சரிபார்க்கும் அரசின் இ-வெரிஃபை திட்டத்தில் இருக்க வேண்டும், ஐ-983 படிவத்தில் பயிற்சித் திட்டமும் வேண்டும். அதற்குப் பிறகு எச்-1பி என்ற வேலை விசாவுக்கான குலுக்கல்தான். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு எச்-1பி1 என்ற தனி வழி இருக்கிறது. அது மலேசியர்களுக்கு இல்லை.

பின்சேர்க்கை: ஓபிடி காலத்தில் தீபாவளிக்கு வீட்டுக்கு வந்து போகலாமா என்று ஓர் அக்கா கேட்டிருந்தார். வரலாம். திரும்பும்போது செல்லுபடியாகும் விசா, வேலை அனுமதி அட்டை, முதலாளியின் கடிதம், கடைசி ஆறு மாதத்துக்குள் அலுவலர் பயணக் கையெழுத்திட்ட ஐ-20 ஆகியவை கைப்பையில் இருக்க வேண்டும். விசா காலாவதியாகியிருந்தால் கோலாலம்பூர்த் தூதரகத்தில் புதிதாக எடுத்த பிறகே திரும்ப முடியும் என்பதால், டிக்கெட் போடும் முன் அந்தத் தேதியைப் பாருங்கள்.