பார்க்கின்சன் மாத்திரை: "போட்டாச்சா?" என்று கேட்டால் மட்டும் போதாது

பெங்களூரு ஒயிட்ஃபீல்டு ஆபீஸிலிருந்து மகன் போன் செய்து "மாத்திரை போட்டாச்சாப்பா?" என்று கேட்கிறார். அல்சூர் வீட்டில் அப்பா "ஆச்சுப்பா" என்கிறார். பேச்சு அத்தோடு முடிந்துவிடுகிறது. எத்தனை மணிக்குப் போட்டார், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பது யாருக்கும் தெரியாது. கைகால் நடுங்கி உடம்பு விறைக்கும் பார்க்கின்சன் நோயில் அதுதான் முக்கியம்.

இந்த நோய்க்குக் கொடுக்கும் சிண்டோபா போன்ற லெவோடோபா மாத்திரைகளின் பலன், நோய் முற்ற முற்ற மூன்று நான்கு மணி நேரத்திலேயே இறங்கிவிடும். சீட்டில் 1-1-1 என்று இருந்தால் மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு என்று நாமாகவே எடுத்துக்கொள்கிறோம். பருப்பு, முட்டை, பாலில் இருக்கும் புரதம் இந்த மருந்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும். அதனால் பொதுவாகச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே போடச் சொல்வார்கள். குமட்டினால் ஒரு பிஸ்கட் போதும். அதற்காகப் புரதத்தையே நிறுத்திவிட வேண்டாம், உடம்பு இளைத்துவிடும். இரும்புச்சத்து மாத்திரையையும் இதோடு சேர்த்துப் போடக் கூடாது. சீட்டு வாங்கும்போதே ஒவ்வொரு வேளைக்கும் மணியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நடுங்கும் விரல்களால் அவர் அட்டையிலிருந்து மாத்திரையை எடுப்பதை ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கட்டைவிரல் அழுத்தும், வழுக்கும், மறுபடி அழுத்தும். மாத்திரை தெறித்துக் கட்டிலுக்கடியில் ஓடிவிடும். குனிந்து எடுக்க முடியாது, இன்னொன்றைப் பிரிக்கவும் தெம்பிருக்காது. இதைப் பிடிவாதம் என்று திட்டுவது அநியாயம். வேலைக்குக் கிளம்பும் முன் அன்றைய மாத்திரைகளைப் பிரித்து, சுலபமாகத் திறக்கும் டப்பாவில் வேளைவாரியாக வைத்துவிட்டுப் போங்கள். நாள் முழுக்கப் போன் செய்து விசாரிப்பதைவிட அது பெரிய உதவி.

ஊருக்குப் போன இடத்தில் மாத்திரை தீர்ந்துவிட்டது, வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது ஆபத்து. திடீரென நிறுத்தினால் கடும் காய்ச்சலும் விறைப்பும் குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வேறு நோய்க்காக ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் மாத்திரை நேரத்தை நர்ஸிடம் சொல்லுங்கள். வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு கொடுத்தால் பார்க்கின்சன் மோசமாகும் என்பதையும் டாக்டருக்கு நினைவுபடுத்துங்கள்.

இன்னொரு தவறு நிறைய வீடுகளில் நடக்கிறது. கன்னடமோ இங்கிலீஷோ வராது என்று அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு, அப்பாவை நிம்ஹான்ஸ் நரம்பியல் ஆஸ்பத்திரிக்கு மகன் அழைத்துப் போகிறார். எந்த நேரத்தில் உடம்பு பிடித்துக்கொள்கிறது, எப்போது கைகால் தானாக ஆடுகிறது என்று டாக்டர் கேட்டால், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்ப்பவர் என்ன சொல்வார்? பதில் அம்மாவிடம்தான் இருக்கிறது. அவரையும் கூட்டிப்போங்கள். மொழிபெயர்ப்பது மட்டும் உங்கள் வேலையாக இருக்கட்டும்.

இல்லாத ஆள் கண்ணில் தெரிவது, புதிதாகச் சூதாட்ட ஆசை, கண்டபடி செலவு, இவையும் சில பார்க்கின்சன் மருந்துகளால் வரலாம். வெட்கப்பட்டு மறைத்து, வீட்டிலேயே மாத்திரையைக் குறைத்துவிடாதீர்கள். டாக்டரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றிக் கொடுப்பார்.