புது வண்டியில் குலுங்காமல் கியர் மாற்றுவது எப்படி?

புதிதாக மோட்டார் சைக்கிள் வாங்கியவர்களில் பலர், கியர் மாற்றும்போது வண்டி குலுங்குவதற்குத் தங்கள் இடது கால்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டு, கியர் லீவரைத் தயங்கித் தயங்கி மிதிக்கிறார்கள். உண்மையில் காலுக்கு உள்ள வேலை மிகச் சிறியது. அது தயக்கமின்றி ஒரே அசைவில் முடிய வேண்டிய வேலை. கியர் விழுந்த பிறகு கிளட்சை விடும் இடது கையும், அதே நேரத்தில் ஆக்சிலரேட்டரைப் பிடித்திருக்கும் வலது கையும் ஒத்துப்போகாத அந்த ஒரு நொடியில்தான் குலுக்கல் பிறக்கிறது. ஏன் அப்படி என்று தெரிந்துகொண்டால் பயிற்சி எளிதாகிவிடும் என்பதால், இன்ஜினுக்குள் நடப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே கிளட்ச் இருக்கிறது. நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் உராய்வுத் தட்டுகளும் இரும்புத் தட்டுகளும் மாறி மாறி அடுக்கப்பட்டு, இன்ஜின் ஆயிலில் நனைந்தபடி, ஸ்பிரிங்குகளால் இறுக்கப்பட்டிருக்கும். கிளட்ச் லீவரை இழுத்தால் அந்த இறுக்கம் தளர்ந்து, இன்ஜின் தனியாகவும் பின்சக்கரம் தனியாகவும் சுழலத் தொடங்கும். ஒரு 150 சிசி வண்டி இரண்டாவது கியரில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது இன்ஜின் நிமிடத்துக்கு 5,000 முறை சுழல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். அதே வேகத்தில் மூன்றாவது கியருக்கு வந்தால் ஏறத்தாழ 3,700 முறை சுழன்றால் போதும். இந்த வித்தியாசத்தை நாம் கையால் சரிசெய்யாமல் கிளட்சைச் சட்டென்று விட்டுவிட்டால், இன்ஜினும் சக்கரமும் ஒன்றையொன்று வலுக்கட்டாயமாக இழுத்துச் சமன் செய்துகொள்ளும். உட்கார்ந்திருப்பவருக்கு அதுதான் குலுக்கலாகத் தெரிகிறது.

பயிற்சிக்கு முன் வண்டியை உங்கள் உடலுக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்ளுங்கள். கிளட்ச் லீவரின் நுனி, தட்டுகளை இழுக்கத் தொடங்குவதற்கு முன் 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை சும்மா அசைய வேண்டும் என்பது பொதுவான அளவு; உங்கள் வண்டிக்கான சரியான அளவு அதன் கையேட்டில் இருக்கும். இந்த இடைவெளி அதிகமானால் லீவரை முழுவதும் இழுத்தாலும் கிளட்ச் முழுமையாகப் பிரியாது, கியர் முரண்டு பிடிக்கும். குறைந்துபோனால் கிளட்ச் எப்போதும் சற்று நழுவியபடியே தேயும். கியர் லீவரின் உயரத்தையும் சர்வீஸ் சென்டரில் மாற்றித் தருவார்கள். பாதத்தை ஃபுட்ரெஸ்டிலிருந்து எடுக்காமலேயே கால்விரல் லீவருக்கு அடியில் நுழைய வேண்டும். சென்னை வெயிலுக்குச் செருப்புதான் வசதி என்றாலும், கற்றுக்கொள்ளும் நாட்களில் ஷூ அணிந்து ஓட்டுவதையே நான் வற்புறுத்துவேன், ஏனென்றால் வெறும் விரலில் லீவர் அழுந்தும் வலியே காலைத் தயங்க வைத்துவிடும்.

கியர் எந்தத் திசையில் விழுகிறது என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். இன்றைய வண்டிகளில் பெரும்பாலும் முதல் கியர் கீழே, மற்றவை மேலே. நியூட்ரல் முதலுக்கும் இரண்டுக்கும் நடுவில் இருக்கும். சில 100 சிசி வண்டிகளில் எல்லா கியர்களையும் முன்பக்கம் மிதித்தே ஏற்றி, குதிகாலால் மிதித்து இறக்க வேண்டும். 1955-இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு நிறுவனம் திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் தயாரித்த பழைய புல்லட்களிலோ கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. முதல் கியர் மேலே, மற்றவை கீழே. அந்த வண்டியில் பழகிய அப்பாவோ மாமாவோ பக்கத்தில் நின்று கற்றுக்கொடுத்தால், கிளட்ச் பற்றி அவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்; மேலே, கீழே என்று சொல்வதை மட்டும் உங்கள் வண்டியோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் பாடம் கியர் மாற்றுவதல்ல, ஹாஃப் கிளட்ச், அதாவது கிளட்சைப் பாதி விட்டு, அது பிடிக்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்துவது. எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) எடுத்து, எல் போர்டு ஒட்டி, உடன் உரிமம் உள்ள ஒருவரை வைத்துக்கொண்டு, அண்ணா நகர் அவென்யூக்கள் போன்ற அகலமான, நேரான தெருக்களில் காலை ஐந்தரை மணிவாக்கில் இதைப் பழகலாம். முதல் கியரில் போட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல், கிளட்ச் லீவரை மிக மெதுவாக விட்டுக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் சற்றே தாழும், வண்டி முன்னே நகரப் பார்க்கும். அங்கேயே விரல்களை நிறுத்தி, வண்டி தானாக ஊர்ந்து செல்ல விட்டு, மறுபடி இழுத்து நிறுத்துங்கள். லீவரின் மொத்தப் பயணத்தில் விரற்கடை அளவேயுள்ள அந்த இடத்தைக் கண்ணால் பார்க்காமல் விரல்களே கண்டுபிடிக்கும்வரை வேறெதற்கும் போக வேண்டாம். ஆர்டிஓ அலுவலகத்தில் காலை ஊன்றாமல் எட்டு போடுவதற்கும் இதே பழக்கம்தான் கைகொடுக்கும். புதிய வண்டிகள் பலவற்றில் சைடு ஸ்டாண்டை எடுக்காமல் கியர் போட்டால் இன்ஜின் அணைந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். கிளட்சைச் சரியாக விடவில்லை என்று எண்ணித் திரும்பத் திரும்ப முயல்பவர்கள் உண்டு.

மேல் கியருக்குப் போவதைப் பார்ப்போம். மாற்றுவதற்குச் சற்று முன்பே கால்விரலை லீவருக்கு அடியில் கொண்டுபோய், மிக லேசாகத் தூக்கிப் பிடித்தபடி வைத்திருங்கள். பிறகு ஆக்சிலரேட்டரை மூடுவதும் கிளட்சை இழுப்பதும் ஒரே கணத்தில் நடக்க வேண்டும். முதலில் மூடினால் வண்டி முன்பக்கம் சாயும், முதலில் கிளட்சை இழுத்தால் இன்ஜின் வீணாக அலறும். லீவரைக் கைப்பிடியில் முட்டும்வரை இழுக்கத் தேவையில்லை, கிளட்ச் பிடிக்கும் இடத்தைக் கொஞ்சம் தாண்டினாலே போதும். ஏற்கெனவே தயாராக இருக்கும் விரல் அந்தக் கணத்திலேயே கியரை மேலே தள்ளிவிடும். கிளட்ச் மறுபடி பிடிக்கும்வரை விரலை அங்கிருந்து எடுக்காதீர்கள். பாதியில் எடுத்தால் கியர் முழுவதும் விழாமல், நியூட்ரல் விளக்கு எரியாத பொய் நியூட்ரலில் வண்டி நின்றுவிடும். முதலிலிருந்து இரண்டுக்குப் போகும்போது நியூட்ரலைத் தாண்ட வேண்டியிருப்பதால், அங்கே கால் இன்னும் உறுதியாக இருக்க வேண்டும்.

கிளட்சை விடுவதற்கு ஒரே வேகம் கிடையாது. பிடிக்கும் இடம்வரை விரைவாக விட்டு, அந்த இடத்தை மட்டும் மென்மையாகக் கடந்து, அதன் பின் முழுவதும் விட்டுவிட வேண்டும். ஆக்சிலரேட்டர் அந்த மென்மையான பகுதியில்தான் மெல்லத் திறக்கத் தொடங்க வேண்டும். இவை முடிய ஒரு நொடிகூட ஆகாது. அதிக நேரம் எடுத்தால் இன்ஜின் ஐட்லிங் வேகத்துக்கே இறங்கிவிடும். அப்போது கிளட்சை எவ்வளவு பார்த்து விட்டாலும் வண்டி பின்னுக்கு இழுக்கும். மிகுந்த எச்சரிக்கையோடு மெதுவாகச் செய்பவர்களுக்கே வண்டி அதிகம் குலுங்குவதன் காரணம் இதுதான்.

எந்த வேகத்தில் மாற்றுவது என்பதற்குக் கையேட்டில் அட்டவணை இருக்கும். 150 சிசி வண்டிக்கு இரண்டாவது கியர் 15-இலும், மூன்றாவது 25-இலும், நான்காவது 35 முதல் 40-க்குள்ளும், ஐந்தாவது 50-ஐ ஒட்டியும் என்பது நெரிசலில்லாத சமதளத்துக்குப் பொருந்தும் தோராயக் கணக்கு. சில நாட்களில் காதே அதைச் சொல்லிவிடும். மைலேஜுக்காக 25-இலேயே நான்காவது கியரைப் போடும் வழக்கம் நம்மிடம் பரவலாக உள்ளது. இன்ஜின் திணறி அதிர்ந்து, மீண்டும் வேகமெடுக்க ஆக்சிலரேட்டரை நிறையத் திருக வேண்டியிருப்பதால், அந்த வழக்கத்தைக் கைவிடுவதே நல்லது.

கியர் இறக்குவதுதான் கடினமான பகுதி, கவனமும் அங்கேதான் அதிகம் தேவை. முன்பு சொன்ன கணக்கைத் திருப்பிப் பாருங்கள்: மூன்றிலிருந்து இரண்டுக்கு வரும்போது இன்ஜின் 3,700-இலிருந்து 5,000-க்கு ஏற வேண்டும். ஆக்சிலரேட்டரை மூடியபடியே கிளட்சை விட்டால், அந்த ஏற்றத்துக்கான விசை பின்சக்கரத்திலிருந்து பிடுங்கப்படும். வண்டி முன்னால் தள்ளும், ஈரச் சாலையில் பின்சக்கரம் வழுக்கவும் கூடும். எனவே முதலில் பிரேக்கால் வேகத்தைக் குறைத்து, கிளட்சை இழுத்து, கியரை இறக்கும் அதே கணத்தில் ஆக்சிலரேட்டரை ஒரு சின்ன முறுக்கு முறுக்கி, இன்ஜின் சத்தம் எழும்போதே கிளட்சை விட வேண்டும். வலது கை பிரேக்கில் இருக்கும்போது முறுக்கும் பழக்கம் வரும்வரை, கிளட்சை மட்டும் வழக்கத்தைவிட மெதுவாக விட்டுச் சமாளிக்கலாம். சில வண்டிகளில் உள்ள ஸ்லிப்பர் கிளட்ச் இந்த அதிர்வைத் தணிக்கும், ஆனால் அதை நம்பிப் பழகினால் வேறு வண்டியில் ஏறும்போது தடுமாற நேரிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலத்திலும், கடற்கரையை ஒட்டிய தெருக்களில் மணல் படிந்திருக்கும் இடங்களிலும், வளைவுக்குள் நுழைந்த பிறகு கியரை இறக்கவே கூடாது. கத்திப்பாராவின் சுழல்பாதை போன்ற இடங்களில், நேராக இருக்கும்போதே வேண்டிய கியருக்கு வந்துவிடுங்கள்.

சென்னை தட்டையான ஊர் என்பதால், ஏற்றத்தில் வண்டியை எடுக்க வேண்டிய நிலை மேம்பாலங்களிலும் சுரங்கப்பாதைகளிலும்தான் வரும், அதுவும் பெரும்பாலும் நெரிசலுக்கு நடுவில். தி. நகர் துரைசாமி சுரங்கப்பாதையிலிருந்து ஏறும்போது முன்னால் இருக்கும் ஆட்டோ நின்றுவிட்டால், இடது காலை ஊன்றி, வலது காலால் பின்பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்திவையுங்கள். கிளம்பும்போது பிரேக்கை விடாமலேயே கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து, கிளட்ச் பிடித்து வண்டி முன்னே போகத் துடிப்பது உடலில் தெரிந்த பிறகே பிரேக்கை விடுங்கள். பிரேக்குக்குப் பதிலாக ஹாஃப் கிளட்ச்சிலேயே ஏற்றத்தில் நிற்பது தட்டுகளைச் சூடாக்கித் தேய்க்கும்.

சிக்னலில் நியூட்ரல் விழவில்லை என்பது புதியவர்கள் எல்லோரும் சொல்லும் குறை. நின்ற பிறகு தேடாமல், வண்டி இன்னும் மெல்ல உருண்டுகொண்டிருக்கும்போதே இரண்டாவது கியரிலிருந்து லேசாக ஒரு தட்டு தட்டினால் எளிதில் விழும். நின்றபின் தேட நேர்ந்தால், கிளட்சைச் சற்றே விட்டு, வண்டி ஒரு இம்மி அசையும்போது தட்டிப் பாருங்கள்.

தேர்ச்சியைச் சோதிக்க, நன்கு பழகி உரிமமும் பெற்ற பிறகு வீட்டில் ஒருவரைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டுங்கள். கியர் மாறும்போது அவருடைய ஹெல்மெட் உங்கள் ஹெல்மெட்டில் முட்டவில்லை என்றால் இரண்டு கைகளும் ஒத்துப்போகத் தொடங்கிவிட்டன.

இத்தனைக்குப் பிறகும் கியர் கடினமாக விழுந்தால் வண்டியைப் பாருங்கள். புது கியர்பாக்ஸ் ஆரம்பத்தில் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும், முதல் சர்வீஸில் ஆயில் மாற்றியதும் பெரும்பாலும் இளகிவிடும். காலையில் முதல் கியர் 'டக்' என்று விழுவதும் இயல்புதான். ஆயில் ஊற்றும்போது புட்டியில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (நனைந்த கிளட்சுக்கு ஏற்ற ஆயில் என்பதற்கான தரக்குறி) என்று இருக்கிறதா எனக் கவனியுங்கள். உராய்வைக் குறைக்கும் பொருட்கள் கலந்த கார் ஆயில் நனைந்த கிளட்சை நழுவச் செய்யும். செயின் தளர்ந்திருந்தால், ஆக்சிலரேட்டரை மூடித் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு வெட்டு வெட்டும், அதைக் கையால் எவ்வளவு முயன்றாலும் சரிசெய்ய முடியாது. சர்வீஸுக்கு விடும்போது கிளட்ச் கேபிளுக்கு எண்ணெய் விடுவதோடு செயினின் தளர்வையும் கையேட்டில் உள்ள அளவுக்கு வைக்கச் சொல்லுங்கள்.