உற்சாகத்தை இங்கிலீஷில் சொல்ல: 'வெரி ஹேப்பி' தாண்டி

புதுச்சேரி ஒயிட் டவுன் கெஸ்ட் ஹவுஸிலும் பக்கத்து செரெனிட்டி பீச் சர்ஃபிங் கடைகளிலும், விருந்தினர் எதைப் பாராட்டினாலும் 'ஐ ஆம் வெரி ஹேப்பி' தான் பதில். தப்பில்லை, ஆனால் பரீட்சை பேப்பர் வாடை அடிக்கும். ஆளைப் பார்த்துச் சொல்லை எடுங்கள்.

பிரிட்டிஷ்காரரிடம் 'சஃப்ட்'. செய்த வேலையை ஒருவர் மெச்சும்போது பெருமையும் சந்தோஷமும் சேர்ந்து வருமே, அதற்கு: 'ஐ வாஸ் ரியலி சஃப்ட் வித் யுவர் ரிவ்யூ.' இன்னும் தூக்கலாக, 'சஃப்ட் டு பிட்ஸ்'. முதல் ஒலி 'அச்சம்' என்பதில் வரும் ச். 'சபை'யின் ச அல்ல. அமெரிக்கர் பலருக்கு இது பழக்கமில்லை.

அவர்களுக்கும் ஆஸ்திரேலியருக்கும், முக்கியமாக சர்ஃப் போர்டோடு வருகிறவர்களுக்கு, 'ஸ்டோக்ட்'. நெருப்பில் விறகு தள்ளிக் கிளறுவதற்கான சொல், சர்ஃபர்கள் வாய்வழியே இப்படிப் பரவியது. நாளைக்கு அலை நன்றாக இருக்குமென்றால், 'ஐ ஆம் ஸோ ஸ்டோக்ட் ஃபார் டுமாரோ'.

சறுக்குவது உச்சரிப்பில்தான். 'ஸ்டோக்ட்', அதே பொருளில் வரும் 'பம்ப்ட்' ஆகியவற்றை 'ஸ்டோக்கெட்', 'பம்ப்பெட்' என்று இழுக்காதீர்கள். க், ப், ஃப் ஒலிக்குப் பின் வரும் 'ஈடி' வெறும் 'ட்'. 'எக்ஸைட்' (excite), 'நீட்' (need) போல t அல்லது d ஒலியில் முடியும் சொல்லுக்குத்தான் 'எட்' முழுதாக வரும்: 'எக்ஸைட்டெட்'. அதையே 'ஐ ஆம் வெரி எக்ஸைட்டிங்' என்றால், உங்களைப் பார்த்து மற்றவர்கள் பரவசப்படுவதாக ஆகிவிடும்! சந்தோஷத்தின் உச்சியில் இருப்பதைச் சொல்லும் 'ஓவர் த மூன்' முன்னால் 'வெரி' ஒட்டாது, 'அப்சல்யூட்லி' போடுங்கள்.

'ஐ ஆம் பூஸ்ட்டெட்' வேண்டாம். 'தட் வாஸ் எ ரியல் பூஸ்ட்' சரி. 'ஹீ பிக்ட் மீ அப்' என்றால் பெரும்பாலும் வண்டியில் ஏற்றிக்கொண்டார் என்றே புரிந்துகொள்வார்கள். காபியால் தெம்பு வந்தால், 'தட் காபி பெர்க்ட் மீ அப்'.

தேற்றும் இடத்தில்தான் கவனம் அதிகம் தேவை. 'பக் அப்' பாதி அதட்டல், விருந்தினரிடம் கூடவே கூடாது. புயலால் ரயில் ரத்தாகி லாபியில் காத்திருப்பவருக்கு 'ஹேங் இன் தேர்' (கொஞ்சம் தாக்குப்பிடியுங்கள்) பொருந்தும். வீட்டில் துக்கம் என்றால் இவை எதுவும் இல்லை, 'சியர் அப்' உட்பட; 'ஐ ஆம் ஸோ ஸாரி' மட்டும்.

பிரெஞ்சு விருந்தினரிடம் இந்த வட்டாரச் சொற்களைக் கொட்டாதீர்கள். அவர்களுக்கும் இங்கிலீஷ் கற்ற மொழிதான். 'யூ மேட் மை டே' தாராளம். 'மேக்' அல்ல, 'மேட்'.

மேனேஜருக்கு மெயில் எழுதும்போது 'ஸ்டோக்ட்' எல்லாம் கழற்றி வைத்துவிட்டு, 'ஐ வாஸ் என்கரேஜ்ட் பை யுவர் ஃபீட்பேக்' என்று எழுதுங்கள்.