விமானத்தில் ஏற்றிவிட்டால் போதுமா? கனடாவின் பூர்வகுடி ஊர்களில் தவிர்க்க வேண்டிய பேரிடர்த் தவறுகள்

கஷெச்சவான், கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அல்பனி ஆறு ஜேம்ஸ் விரிகுடாவில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கிரீ என்ற பூர்வகுடி மக்களின் ஊர். ஆண்டு முழுக்கப் போய்வரச் சாலை கிடையாது. வசந்தம் வந்ததும் ஆற்றின் மேல்பகுதியில் பனி முதலில் உருகும். முகத்துவாரத்தில் பனிக்கட்டி அப்போதும் இறுகிக் கிடப்பதால், வரும் தண்ணீர் அதில் முட்டி ஊர்ப்பக்கம் ஏறும். அதனால் ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் ஊர் மக்களை விமானத்தில் ஏற்றி, டிம்மின்ஸ், கப்புஸ்கேசிங் போன்ற நகரங்களின் ஹோட்டல்களில் கொண்டுபோய்த் தங்கவைக்கிறார்கள்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, இந்த வெளியேற்றத்தையே திட்டம் என்று நினைத்துக்கொள்வது. 1957ல் ஊரை அந்த இடத்தில் அமைத்தபோதே, இது வெள்ளம் ஏறும் நிலம் என்று பெரியவர்கள் எச்சரித்தார்கள் என்கிறார்கள் ஊரார். மேட்டு நிலத்துக்கு ஊரையே மாற்றும் ஒப்பந்தம் கையெழுத்தானது 2019ல்தான். இடைப்பட்ட காலத்தில் யாராவது அந்த மக்களின் நாள்காட்டியைப் பார்த்திருக்கலாம். பனி உடையும் அதே வாரங்களில்தான் காட்டு வாத்து வேட்டைக்காக அவர்கள் குடும்பம் குடும்பமாக முகாமுக்குப் போவார்கள். 2020ல் கொரோனா காரணமாக நகரத்து ஹோட்டல் சரிப்படாது என்றானதும், பல குடும்பங்கள் வெள்ளம் எட்டாத வேட்டை முகாம்களுக்கே போய்விட்டன. பிள்ளைகள் தாத்தா பாட்டியோடு இருந்தார்கள், சாப்பாடும் அவர்களுக்குப் பழகியது. இந்த வழி முன்பே அதிகாரிகளுக்குத் தோன்றாமல் போனதற்கு ஒரே காரணம், அவர்கள் ஊராரைக் கேட்கவில்லை என்பதுதான் என்று நான் நினைக்கிறேன்.

அடுத்தது, வரமாட்டேன் என்பவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று முத்திரை குத்துவது. 2017 கோடையில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பெரும் காட்டுத்தீ பரவியது. வில்லியம்ஸ் லேக் நகரத்துக்கு மேற்கே, சில்கோட்டின் என்ற பூர்வகுடி மக்களின் ஊர்களில் ஒன்றான அனஹாமுக்கும் வெளியேறும் உத்தரவு வந்தது. முதியவர்களில் பலரை அனுப்பிவிட்டு, சுமார் 300 பேர் தங்கித் தீயை எதிர்த்தார்கள். அவர்களில் பலர் காட்டுத்தீ அணைக்கும் வேலையையே தொழிலாகச் செய்தவர்கள். காற்று எந்தப் பக்கம் திரும்பும், எந்தப் பாதையில் வண்டி போகும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். போலீஸ் வந்து, வெளியேறாவிட்டால் குழந்தைகளை எடுத்துப்போய்விடுவோம் என்ற பொருளில் பேசியதாக ஊர்த் தலைவர் ஜோ அல்போன்ஸ் அப்போதே வெளிப்படையாகச் சொன்னார்.

இந்த மிரட்டல் அங்கே எப்படிக் கேட்டிருக்கும் என்பதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் வரலாறு வேண்டும். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் அடைத்த நாடு அது. கடைசிப் பள்ளிகள் மூடப்பட்டது 1990களில்தான். சீருடைக்காரர் வீட்டு வாசலில் நின்று பிள்ளைகளைப் பற்றிப் பேசினால் அங்கே யாரும் அதைப் பாதுகாப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தீயிலிருந்து அனஹாம் தப்பியது. 2018ல் சில்கோட்டின் மக்களும் மாகாண அரசும் மத்திய அரசும் சேர்ந்து ஓர் அவசரகால மேலாண்மை ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். தீ வருவதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை.

சரி, வெளியேறித்தான் ஆக வேண்டும் என்ற நிலையும் வரும். புகையில் மூச்சுவிட முடியாதவர்களையும் டயாலிசிஸ் நோயாளிகளையும் வைத்துக்கொண்டு வாதம் செய்ய முடியாது. ஆனால் காலி அறை இருக்கும் இடமெல்லாம் ஒரே ஊர்க்காரர்களைப் பிரித்துப் போடுவது தவறு. 2025ல் மனிடோபா மாகாணத்தின் வடக்கில் பரவிய காட்டுத்தீக்குத் தப்பியவர்களில் ஒரு பகுதியினரை நயாகரா வரை அனுப்பினார்கள். டொராண்டோத் தமிழர்கள் ஊரிலிருந்து வரும் விருந்தாளிகளை அருவி காட்ட அழைத்துப்போகும் அதே நயாகராதான். ஆங்கிலம் சரளமாக வராத ஒரு கிரீ பாட்டி அங்கே யாரிடம் மருந்து கேட்பார்? கிரீ மொழி பேசும் ஆள், கூடவே வரும் ஊர்ச் செவிலியர், ஒரு குடும்பத்துக்கு ஒரே கட்டடம் ஆகியவற்றைப் பட்டியலில் முதலில் எழுத வேண்டும்.

திரும்பிப்போகும் தேதி இல்லாமல் அனுப்புவது இதைவிட மோசம். 2011ல் மனிடோபாவில் அசினிபோயின் ஆறு பெருகியபோது, கீழேயுள்ள நகரங்களைக் காப்பாற்ற வெள்ளத்தை மனிடோபா ஏரிக்குத் திருப்பிவிட்டார்கள். அங்கிருந்து அது செயின்ட் மார்ட்டின் ஏரியில் இறங்கியது. அந்த ஏரிக்கரையில் இருந்த பூர்வகுடி ஊர் வாழ முடியாத இடமானது. சில வாரங்கள் என்று நினைத்து வின்னிபெக் ஹோட்டலுக்குப் போனவர்கள் ஊர் திரும்பத் தொடங்கியது 2017ல். அதற்குள் பல முதியவர்கள் நகரத்திலேயே இறந்துவிட்டார்கள். அப்புறம், இதே வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட பூர்வகுடி ஊர்கள் நான்குக்கும் சேர்த்து 9 கோடி டாலர் இழப்பீடு என்று வழக்கு முடிந்தது.

பூர்வகுடிகளின் பாரம்பரிய அறிவுக்கு இடம் தருவதை, அதிகாரிகள் நடத்தும் கூட்டத்தின் தொடக்கத்தில் ஒரு பிரார்த்தனையோடு முடித்துக்கொள்வதும் வழக்கமாகிவிட்டது. கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள லாப்ரடோரில் தொடங்கிய ஸ்மார்ட்ஐஸ் என்ற கடல்பனிக் கண்காணிப்புத் திட்டம் வேறு மாதிரி. கடல் பனியின் தடிமனை உணர்கருவி அளக்கிறது. ஆனால் எங்கே அளப்பது, எந்தப் பாதை முக்கியம் என்பதை அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான இனுயிட் மக்களே சொல்கிறார்கள், கருவியை ஸ்கீடூ என்ற பனிவண்டியில் இழுத்துப்போவதும் அவர்கள்தான், சம்பளத்தோடு.

பணத்தைப் பற்றி 2022 நவம்பரில் கனடாவின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் எழுதினார். பூர்வகுடி ஊர்களின் பேரிடர்களுக்குப் பொறுப்பான துறை, முன்கூட்டித் தயாராவதற்குச் செலவிட்டதைப்போல மூன்றரை மடங்கை, நடந்தபின் சமாளிக்கவும் சீர்செய்யவும் செலவிட்டிருந்தது. தகுதியானவை என்று அந்தத் துறையே ஏற்றுக்கொண்ட 112 தடுப்புக் கட்டுமானத் திட்டங்கள் நிதி கிடைக்காமல் காத்திருந்தன.