ஒரு ஜல்லிக்கல்லிலிருந்து பாறைச் சுழற்சியைக் கற்பது எப்படி?

ஒரு வகைப் பாறை மற்றொரு வகையாக மாறிவருவதே பாறைச் சுழற்சி. பாடநூல்களில் அது தீப்பாறை (பாறைக்குழம்பு குளிர்ந்தது), படிவுப் பாறை (மணலும் மண்ணும் படிந்து இறுகியது), உருமாறிய பாறை (வெப்பத்திலும் அழுத்தத்திலும் மாறியது) என்னும் மூன்று பெட்டிகளும் அவற்றைச் சுற்றிவரும் அம்புகளுமாகவே இருக்கும். அந்தப் படத்தை நன்கு மனப்பாடம் செய்தவரிடம் ஒரு கல்லைக் கொடுத்து, இது எந்தப் பெட்டியைச் சேர்ந்தது என்று கேட்டால், அவர் முதலில் நிறத்தைத்தான் பார்ப்பார். நிறம் நம்பத்தக்க சாட்சி அன்று. கல்லின் மணிகள் ஒன்றோடொன்று எவ்வாறு சேர்ந்திருக்கின்றன என்பதே அது பிறந்த விதத்தைக் காட்டும்.

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், இரும்பு ஆணி, சிறிது வினிகர், தண்ணீர், ஒரு குறிப்பேடு ஆகியவை இருந்தால் போதும். சுத்தியல் பயன்படுத்துவோர் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிவது கட்டாயம்.

படி 1: புதிதாக உடைந்த முகத்தைத் தேடுங்கள்

வெயிலும் மழையும் பட்ட கல்லின் மேற்பரப்பு பழுப்பேறி உண்மையை மறைத்துவிடும். கட்டுமானம் நடக்கும் இடத்தில் கேட்டு வாங்கும் நான்கைந்து ஜல்லிக்கற்களில், கிரஷரில் உடைபட்ட புதிய முகங்கள் ஏற்கெனவே இருக்கும். கோயில் சுவர்களிலும் குடைவரைகளிலும் எந்தச் சோதனையும் செய்யக்கூடாது. கல்லைக் கழுவி, ஈரம் காயுமுன் லென்ஸை வைத்துப் பாருங்கள். ஈரத்தில் மணிகளின் எல்லைகள் தெளிவாகத் தெரியும்.

படி 2: மணிகள் பூட்டியிருக்கின்றனவா, ஒட்டியிருக்கின்றனவா?

மணிகளுக்கிடையே இடைவெளியே இல்லாமல், ஒன்றின் விளிம்பு மற்றொன்றின் விளிம்போடு கோத்துக்கொண்டிருந்தால், அவை அந்த இடத்திலேயே படிகமாக வளர்ந்தவை. அது தீப்பாறையாகவோ உருமாறிய பாறையாகவோ இருக்கும். கடலை மிட்டாயில் கடலையை வெல்லப்பாகு பிடித்திருப்பதைப் போலத் தனித்தனி மணிகளை வேறொரு பொருள் ஒட்டவைத்திருந்தால், அது படிவுப் பாறை. ஆணியால் சுரண்டும்போது மணிகள் முழுசாக உதிர்வதும் படிவுப் பாறைக்கு ஓர் அடையாளம்.

படி 3: பூட்டிய மணிகளின் அளவையும் வரிசையையும் பாருங்கள்

பாறைக்குழம்பு நிலத்தடியில் நீண்ட காலம் மெல்லக் குளிர்ந்தால் படிகங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளரும். கிரானைட் அப்படி உருவானது. தரைக்கு வந்து விரைவாகக் குளிர்ந்தால் மணிகள் மிக நுண்ணியவையாகிவிடும். அஜந்தா, எல்லோரா குகைகள் குடையப்பட்டுள்ள தக்காணத்துப் பசால்ட் இவ்வகையினது. வெளிர் கனிமங்களும் கருங்கனிமங்களும் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிந்து நிற்குமானால், அது அழுத்தத்திலும் வெப்பத்திலும் உருமாறிய நைஸ் என்னும் பாறை. பட்டை தெரிந்தவுடன் படிவுப் பாறை என்று எழுதிவிடாதீர்கள். நைஸின் பட்டைக்குள்ளும் மணிகள் பூட்டியே இருக்கும்.

சென்னையின் பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியின் கல் இங்கே தனியாகப் பேசத்தக்கது. வங்காளத்தில் இறந்த ஜாப் சார்னாக் என்னும் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிக்குக் கொல்கத்தாவில் வைக்கப்பட்ட கல்லறைக் கல் இந்த வகைப் பாறை என்பதால், நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் இதற்குச் சார்னோகைட் என்று பெயரிட்டார். பார்வைக்கு இது கரும்பச்சையாகவும் எண்ணெய்ப் பளபளப்போடும் இருக்கும். ஆனால் உள்ளே கிரானைட்டில் இருப்பது போலவே ஃபெல்ஸ்பார் என்னும் கனிமமும், நம் ஊரில் வெங்கச்சங்கல் எனப்படும் குவார்ட்ஸும்தான் மிகுதி. அவையே நிறம் ஏறி நிற்பதால் கல் முழுவதும் கருமையாகத் தோன்றுகிறது. நிறத்தை நம்புவோரை இந்தக் கல் தவறாமல் ஏமாற்றிவிடும்.

ஹாலண்ட் இதனைத் தீப்பாறை என்றே கருதினார். பின்வந்த ஆய்வாளர்கள் பலர் உருமாற்றத்தின் பங்கை வலியுறுத்தினர். தொடக்கநிலையில் இருப்போர் உருமாறிய பாறை என்று குறித்து, அருகில் ஒரு கேள்விக்குறி இடுவது நேர்மையானது. இது 700 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தில், ஏறத்தாழ 20 கிலோமீட்டரோ அதற்கு மேலோ ஆழத்தில், நீர் மிகக் குறைந்த சூழலில் உருவாவது. அது இன்று பல்லாவரத்தில் தரைமட்டத்தில் கிடக்கிறது என்றால், அதன் மேல் இருந்த அத்தனை கிலோமீட்டர் பாறையும் தேய்ந்து அகன்றிருக்க வேண்டும்.

படி 4: ஒட்டிய மணிகள்

விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் கல்மரங்கள் (கல்லாகிவிட்ட பழங்கால மரங்கள்) புதைந்துள்ள மணற்கல்லை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அரியலூர்ப் பகுதியின் சுண்ணாம்புக்கல் வேறு விதமானது; அது கடலில் படிந்தது. டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியஸ் காலத்தில் அங்கே கடல் இருந்ததற்குச் சான்றாக, சுருள் ஓடு கொண்ட அம்மோனைட் போன்ற கடலுயிர்களின் புதைபடிவங்கள் அப்பகுதியில் கிடைக்கின்றன.

படி 5: ஆணியும் வினிகரும்

குவார்ட்ஸில் ஆணி கீறாது. சுண்ணாம்புக்கல்லில் எளிதாகக் கீறும். கீறி வந்த தூளின்மேல் ஒரு துளி வினிகர் விட்டால், கரியமில வாயு வெளிப்பட்டுக் குமிழிகள் தோன்றும். சுண்ணாம்புக்கல் உருமாறிப் பிறக்கும் சலவைக்கல்லும் இவ்வாறே நுரைக்கும் என்பதால், முடிவு சொல்லுமுன் படி 2க்குத் திரும்புங்கள்: சலவைக்கல்லில் பளபளக்கும் படிகங்கள் பூட்டியிருக்கும்.

படி 6: உங்கள் கல்லுக்கு அம்புகள் வரையுங்கள்

இப்போது சுழற்சிப் படத்தை நீங்களே வரையலாம். சார்னோகைட் மழையில் சிதைகையில் அதன் ஃபெல்ஸ்பார் களிமண்ணாகிறது. குவார்ட்ஸோ சிதையாமல் மணலாகி, ஆற்றோடு கடலுக்குப் போகிறது. காவிரிப் படுகையின் அடியில் இவ்வாறு சேர்ந்த படிவுகள் பல கிலோமீட்டர் தடிமன் கொண்டவை. ஆழம் ஒரு கிலோமீட்டர் கூடினால் வெப்பம் சுமார் 25 முதல் 30 டிகிரி வரை உயரும் என்று கொண்டால், 5 கிலோமீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 150 டிகிரிதான் இருக்கும். உருமாற்றம் தொடங்க அது போதாது. எனவே உருமாறிய பாறைக்குச் செல்லும் அம்பு அங்கே பாதியிலேயே நிற்கிறது. அந்த மணல் இறுகிப் பிறக்கும் மணற்கல் மீண்டும் மேலெழுந்து தேய்ந்தால், உருகாமலும் உருமாறாமலும் நேரே மணலாகிவிடும். ஆகவே அம்புகளை ஒரே திசையில் வட்டமாக வரையாதீர்கள்; ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் மற்ற இரண்டுக்கும், தனக்குத்தானேயும் வழி உண்டு.

ஓர் எச்சரிக்கை: கட்டட இடிபாடுகளில் கிடைக்கும் கான்கிரீட் துண்டும் ஒட்டிய மணிகளைக் காட்டும், வினிகரில் நுரைக்கவும் செய்யும். அதிலுள்ள ஜல்லி கூர்முனைகளோடு இருக்கும், சிமென்ட்டில் காற்றுக்குமிழித் துளைகள் தெரியும்; ஆறு உருட்டிச் சேர்த்த கூழாங்கற்பாறையில் கற்கள் மழுங்கி உருண்டிருக்கும்.